முஹ்சினாவுக்கு லாரிக்காரர்கள் படித்த கதை

கேரள எல்லையில் வாளையார் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் டீக்கடை நடத்தும் மும்தாஜ் தமிழில் பேசுவாள், வாய் திறந்தால் தமிழில் வெளுத்து வாங்குவாள். ஆனால் ஒரு வரி தமிழ் படிக்கத் தெரியாது. அவள் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். கணவன் ஜாகிரும் அப்படித்தான்.

மகள் முஹ்சினாவுக்குப் பன்னிரண்டு வயது. மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. இனி வராது என்று டாக்டர் சொன்னதை மும்தாஜ் மகளிடம் சொல்லவில்லை. "சரியாயிடும் தங்கம்" என்று தினமும் வாய் கூசாமல் பொய் சொன்னாள். அந்தப் பெண்ணோ பேச்சையே விட்டுவிட்டது. இரண்டு மாதமாக ஒரு வார்த்தை இல்லை. பெற்ற வயிறு எப்படிப் பற்றி எரிந்திருக்கும்!

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவதி, விருது வாங்கிய சிறுவர் நாவல் ஒன்றைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினாள். தொலைந்த கழுதையைத் தேடிப் போகும் சிறுமியின் கதை. முஹ்சினா தலையைத் திருப்பிக் கேட்டாள். அது போதாதா? மும்தாஜ் புத்தகக் கடைக்கு ஓடினாள். ஒலிப்புத்தகமாக இன்னும் வரவில்லை என்றார்கள். அச்சுப் புத்தகத்தையே வாங்கினாள். நம் வீட்டில் பேசுகிற பாஷைதானே என்ற நினைப்பு. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்த பிறகுதான் உறைத்தது. அட்டையிலிருந்த பதக்கப் படத்தைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் முதல் லாரிக்காரர்களிடம் டீயோடு புத்தகத்தையும் நீட்டினாள்.

"ஏனுங்ணா, ரெண்டு பக்கம் படிச்சுக் குடுங்ணா. போன்ல பதிஞ்சுக்கறேன். எம் புள்ளைக்கு."

சேலத்துக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். நாமக்கல்காரர் நடுவில் இருமினார். ஒருவர் கழுதையைப் போலவே கத்திக் காட்டினார். முஹ்சினா பேசவில்லை. ஆனால் சாயங்காலமானால் கையால் துழாவிப் போனைத் தேடினாள்.

கடைசி அத்தியாயம் சிவகாசி மாரீஸ்வரனுக்கு வாய்த்தது. படித்து முடித்தவர் போனைத் தரத் தயங்கினார்.

"அக்கா, இதப் புள்ளைக்குப் போடாதீக. கழுத கடைசிவரைக்கும் கெடைக்கல."

இப்படி முடிக்கிறவர்களுக்கு விருது வேறு! மும்தாஜ் அவர்களை வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தாள்.

சாயங்காலம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வரப் பக்கங்களைப் புரட்டி, தானே படிப்பதுபோலச் சொன்னாள். கழுதை வந்ததாம். சிறுமியின் கையை நக்கியதாம்.

"உனக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதேம்மா" என்றாள் முஹ்சினா.

மாதக்கணக்கில் கேட்காத குரல். மும்தாஜுக்குச் சந்தோஷப்படக்கூட அவகாசமில்லை.

"கழுத கெடைக்கலதானே?"

"கெடைக்கல தங்கம்."

"எங் கண்ணு?"

மும்தாஜ் புத்தகத்தை மூடினாள். இன்னொரு பொய்க்கு அவளிடம் தெம்பில்லை.

"வராதும்மா."

முஹ்சினா கையை நீட்டினாள்.

"லாரிக்காரங்க படிச்சதப் போடு."