ருசி பார்க்காத குழம்பு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஒற்றைக் கதவு. கல்யாணச் சீரில் வந்தது. அதன் தலைப்பகுதியில் இருக்கும் ஃப்ரீசருக்குள் ஒரு பால் பாக்கெட்டையும் ஐஸ் தட்டையும் வைத்தாலே அதற்கு மூச்சு முட்டிவிடும். கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டால் நாலு பக்கமும் பனி கட்டிக்கொண்டு, உள்ளே இருப்பதைக் கரண்டியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பெட்டியை நம்பித்தான் என் முதல் பேறுகாலத்தைத் தாண்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

யோசனை என்னுடையது இல்லை. வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் வீடியோ போட்டிருந்தாள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே சாப்பாட்டைச் சமைத்து உறைய வைத்துவிட்டால், வந்த பிறகு எடுத்துச் சூடு பண்ணினால் போதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய ஃப்ரீசர் எங்கள் வீட்டு பீரோ உயரத்துக்கு இருந்தது. புருஷன் பக்கத்தில் நின்று டப்பாக்களை வாங்கி வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான். என் அடுப்படியில் எனக்குத் துணையாக இருந்தது மிக்ஸி ஒன்றுதான். அதுவும் ரொம்ப நேரம் ஓடினால் சூடாகி நின்றுவிடும்.

தலைப்பிள்ளைக்குப் பெண்ணைப் பெற்ற வீட்டார் வந்து கூட்டிப்போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவார்கள், வளையல் போடுவார்கள், கையோடு அழைத்துப் போவார்கள். பிள்ளை பெற்ற பிறகு சில மாதங்கள் அவள் அம்மா வீட்டில்தான் இருப்பாள். என் அம்மா நான் கல்யாணம் முடிப்பதற்கு முந்தின வருஷமே இறந்துபோய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. திருச்சுழிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். ஒற்றை ஆம்பளை இருக்கிற வீட்டுக்குப் பச்சை உடம்புக்காரியை எப்படி அனுப்புவது என்று எல்லாரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். என் நாத்தனாருக்கும் அதே சமயத்தில் தலைப்பிள்ளை. அவள் திருப்பூரில் இருந்தாள், டாக்டர் அங்கேதான் என்பதால் மாமியார் மகளிடம் போய்விட்டார். தன் மகளுக்குத்தானே முதலில் போக வேண்டும்? நியாயம் புரிகிறது என்பதற்காக வலிக்காமல் இருக்குமா என்ன. என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். அருப்புக்கோட்டையிலிருந்து துணிக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு போனால் எந்த ஊரில் இறக்குகிறாரோ அங்கேயிருந்து வேறு லோடு கிடைத்தால்தான் திரும்புவார். "நான் இருக்கேன்ல, பாத்துக்கிடலாம்" என்று போனில் சொல்வார். பின்னால் லாரி ஹாரன் கேட்கும்.

அதனால் நானே சமைக்க ஆரம்பித்தேன். ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. வயிறு அடுப்புத் திண்டில் இடிக்கும் என்பதால் பக்கவாட்டில் நின்றுகொண்டு கிண்ட வேண்டும். முதலில் சுலபமானவை. இட்லி அவித்து ஆறவைத்து உறையவிட்டேன். பூண்டை உரித்து வதக்கி வைத்தேன். பால் சுரக்கும் என்பதால் பால்சுறாக் கருவாட்டைக் குழம்பாக்கி, அந்த வீடியோக்காரி சொன்னபடி பாலித்தீன் கவரில் ஊற்றித் தட்டையாகப் படுக்க வைத்தேன். தட்டையாக வைத்தால் இடம் மிச்சமாகும் என்றாள். அதில் மட்டும் அவள் சொன்னது சரி.

எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த மத்தியானங்கள்தான் எனக்கு இப்போதும் நினைவில் இருக்கின்றன. கையில் பூண்டு வாடை, காதில் தறிச் சத்தம், பேசுவதற்கு ஆள் இல்லை. வயிற்றுக்குள் இருப்பதோடு பேசலாம் என்பார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. முகம் தெரியாத ஆளிடம் என்ன பேசுவது? தெருவில் கரண்டு போனால் தறிகள் சட்டென்று நின்றுவிடும், வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலுக்கு வந்து கதை பேசுவார்கள். நான் மட்டும் உள்ளே ஃப்ரிட்ஜின் கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன். கதவைத் திறந்து பார்த்தால் குளிர் போய்விடும், பார்க்காமல் இருந்தால் மனசு கேட்காது.

பக்கத்து வீட்டு அக்கா தறி ஓட்டுகிறவர். ஒருநாள் அப்படிக் கரண்டு போனபோது உள்ளே வந்து பார்த்தார். கவர்களையும் டப்பாக்களையும் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"என்னத்தா இது, பச்சை உடம்புக்காரி ஐஸ்பெட்டியில வச்சதத் திங்கவா போற? பால் குடிக்கிற பிள்ளைக்குச் சளி கட்டிரும்ல."

"கொதிக்கவச்சுத்தான்க்கா சாப்பிடுவேன்."

"கொதிக்கவச்சா மட்டும்? ஐஸு ஐஸுதான?" என்றவர், கொஞ்ச நேரம் என் வயிற்றையே பார்த்துவிட்டு, "சரி, நீயும் என்னதான் செய்வ" என்றார். "மருந்துக் குழம்பு வச்சுட்டியா?"

அதைத்தான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இன்னும் பெயர் தெரியாத வேர்கள் எல்லாம் சேர்த்து நாட்டு மருந்துக் கடையில் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். வறுத்துப் பொடித்துப் பூண்டோடு குழம்பு வைத்து, பிள்ளை பெற்றவளுக்குச் சோற்றில் ஊற்றிப் போட வேண்டும். அது இறங்கினால்தான் வயிற்றுப் புண் ஆறும், இடுப்பு நிற்கும் என்பார்கள். நம்புகிறேனா இல்லையா என்று நான் யோசித்ததில்லை. என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அதை எனக்குக் கட்டாயம் வைத்துக் கொடுத்திருப்பாள். அது இல்லாமல் போகக்கூடாது என்பதில் மட்டும் எனக்கு ஒரு வீம்பு இருந்தது.

சிக்கல் என்னவென்றால், நான் அதைச் சாப்பிட்டதே இல்லை. அது பிள்ளை பெற்றவள் மட்டும் சாப்பிடுகிற குழம்பு. ஒவ்வொரு பெண்ணும் முதல் பிள்ளைக்குத் தன் அம்மா கையால் வாங்கிச் சாப்பிடும்போதுதான் அதன் ருசியை அறிகிறாள். நான் ஒரே பிள்ளை. அம்மா அதைச் சாப்பிட்டது என்னைப் பெற்றபோதுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது கொதிக்கவே இல்லை.

"எந்தப் பக்குவத்துக்குக்கா வறுக்கணும்?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல நல்லாக் கறுக்க வறுப்போம். உங்க வீட்டுல எப்பிடியோ? அது அவுகவுக அம்மா கைப்பக்குவம்" என்றார். கரண்டு வந்து தறிகள் ஓட ஆரம்பித்ததும் எழுந்துகொண்டார். வாசலில் நின்று திரும்பி, "நாக்குல மட்டும் வச்சுப்புடாத. மாசமா இருக்கவளுக்கு அது ஆகாது, சூடு. வலி முந்திரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியாக, ருசி தெரியாத ஒரு குழம்பை ருசி பார்க்காமலே வைத்தேன். வறுக்கும்போது எழுந்த காட்டத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் கிண்டவிட்டேன். வாசனை பிடித்துப் பக்குவம் பார்க்கவும் வழியில்லை. பொடித்துக் கொதிக்க வைத்ததும் குழம்பு கருங்கருவென்று திரண்டு வந்தது. சரியாக வந்திருக்கிறதா, கெட்டுவிட்டதா என்று சொல்ல எனக்கு ஒரு நாக்கு வேண்டியிருந்தது.

அன்று வீட்டுக்காரர் வந்திருந்தார். ஒரு கரண்டி கொடுத்தேன். "மருந்து மாதிரி இருக்கு" என்றார். மருந்துதான் என்றேன். "அப்பச் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லித் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவரிடம் கேட்ட என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். அந்த மாதம் முழுக்க அவர் என்னைப் பார்க்க வரவில்லை. எப்போது கூப்பிட்டாலும், "மிளகாய்க்குத் தண்ணி பாச்சணும்த்தா" என்பார். அந்த வருஷம் எங்கள் கண்மாயில் ஆடு நனைகிற அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. எந்தத் தண்ணீரை என்று நானும் கேட்டதில்லை. மகளைக் கூட்டிப்போக முடியாதவர் எந்த முகத்தோடு வந்து நிற்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தெரிந்ததால் கோபம் குறையவில்லை. வெறுங்கையோடு வந்தாலும் வாசலில் நின்றிருக்கலாமே என்றுதான் இருந்தது.

"அப்பா, மருந்துக் குழம்பு வச்சிருக்கேன். அம்மா சாப்பிட்டது மாதிரி இருக்கான்னு ருசி பாக்கணும். வேற யாருக்கும் தெரியாது" என்றேன்.

மிளகாயைப் பற்றிப் பேசாமல், "வாரேன்" என்றார்.

அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஒரு மஞ்சள் பையில் முருங்கைக்கீரையும் வீட்டுக் கொத்தமல்லியும் கொண்டுவந்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், யாரோ எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்கள் என்பதுபோல உட்கார்ந்தார். ஆள் இளைத்திருந்தார். என் வயிற்றைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நல்லாருக்கியா?" என்றார்.

சுடுசோற்றில் குழம்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். பரீட்சைத் தாளை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளையைப்போல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. சீராகப் பிசைந்து சீராகச் சாப்பிட்டார். தட்டு காலியானதும், "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். அதையும் வழித்துச் சாப்பிட்டார்.

"அம்மா சாப்பிட்டது மாதிரி இருக்காப்பா?"

"அது மாதிரியேதான் இருக்கு" என்றார். கை கழுவிவிட்டு வந்து இன்னொரு தரம், "அதேதான்" என்றார்.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. அவர் பஸ் ஏறியதும் குழம்பைக் கவர் கவராக ஊற்றி ஃப்ரீசரில் இருந்த கடைசி இடத்தையும் நிரப்பினேன். அம்மாவே வந்து வைத்துவிட்டுப் போன மாதிரி நினைத்துக்கொண்டேன். பேறுகால பயத்தில் பாதி அன்றைக்கே போய்விட்டது. வலி கண்டபோதும், ஆஸ்பத்திரியில் மற்ற கட்டில்களைச் சுற்றி அம்மாக்களும் சித்திகளும் நின்றபோதும், என் கட்டில் அருகில் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் முழித்துக்கொண்டு நின்றபோதும், வீட்டில் எனக்கு ஒன்று காத்திருக்கிறது என்ற நினைப்பு இருந்தது. மகள் பிறந்தாள்.

வீட்டுக்கு வந்த அன்று அப்பாவும் வந்திருந்தார். பேத்தியைத் தூக்கத் தெரியாமல், நாற்காலியில் உட்கார்ந்து அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஒரு கவர் குழம்பை எடுத்து, நான் சொன்னபடி கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணி, சோற்றோடு என் கையில் கொடுத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போனார். முதல் வாய் வைத்தேன்.

கசப்பு. காரமோ காட்டமோ இல்லை, தீய்ந்துபோன கசப்பு. வறுக்கும்போதே கருக்கிவிட்டிருக்கிறேன். ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இரண்டாவது வாயை விழுங்க முடியவில்லை. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசக்குதுப்பா."

"ம்."

"அன்னைக்கும் கசந்துச்சா?"

"கசந்துச்சு."

"அம்மா சாப்பிட்டதும் இப்பிடித்தான் கசந்துச்சா?"

"எனக்கு எப்பிடித்தா தெரியும்?" என்றார். குரலை ஏற்றவில்லை. "நீ பெறந்தப்ப உங்கம்மா உங்க அம்மாச்சி வீட்டுல இருந்தா. நான் பாக்கப் போனா வாசலோட காப்பியக் குடுத்து அனுப்பிருவாக. பிள்ளை பெத்த வீட்டுக்குள்ள ஆம்பளைய எங்க விட்டாக? அந்தக் குழம்ப நான் கண்ணாலகூடப் பாத்ததில்லத்தா."

"பெறகு ஏன் அது மாதிரியேதான்னு சொன்னீக? ரெண்டு தரம் வாங்கி வேற சாப்பிட்டீக?"

அவர் தூங்குகிற பிள்ளையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லைன்னு சொன்னா, அதுக்கப்புறம் நீ யாருகிட்டப் போயிக் கேப்ப?"

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட நான் அப்பா முன்னால் அழவில்லை. அன்று சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பிள்ளை பெற்றவள் அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்பார்கள். அதைச் சொல்லித் தடுப்பதற்கு வீட்டில் ஒரு பெண் இல்லை. அப்படித் தடுக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியாது. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார், நான் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தேன்.