அணிந்துரையை வெட்டி எடுத்த நாள்

போன வருடம், நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்களில், கல்முனையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. நிதானமாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். வாப்பா சந்தையில் மீன் விற்பவர். உம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். உம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் வாசிக்கத் தெரியாது. வாப்பாவுக்கு அதுவும் இல்லை. ஒலுவில் பல்கலைக்கழகக் கம்பஸுக்கு பஸ்ஸில் போய் வந்த நாட்களிலேயே நான் கதை எழுதத் தொடங்கிவிட்டேன். சுபஹ் தொழுதுவிட்டு உம்மா மாப் பிசையும்போது, அடுப்படி மூலையில் இருந்து எழுதுவேன். வெளிச்சம் வந்ததும் டியூஷன் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஒரு புத்தகம் அளவுக்குக் கதைகள் சேர்ந்தன.

எங்கள் பக்கத்தில் கதைப் புத்தகம் போடுகிறவருக்குப் பதிப்பாளர் என்று யாரும் இல்லை. எழுதுவதும் நாம்தான், அச்சகத்துக்குக் காசு கட்டுவதும் நாம்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவதும் நாம்தான். அணிந்துரையை மட்டும் வேறொருவர் தர வேண்டும். பெரிய மனிதர் ஒருவர் முன்பக்கத்தில் நாலு வார்த்தை எழுதாவிட்டால் அது புத்தகமே இல்லை என்பார்கள். நானும் நம்பினேன். இலக்கிய வட்டம் ஒன்றை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கதைகளைக் கொடுத்தேன். இந்தா தருகிறேன், அந்தா தருகிறேன் என்று மாதக்கணக்காக இழுத்தார். கடைசியில், நேரே அச்சகத்துக்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். வாழ்த்துகிறவரிடம் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். பார்க்காமலே அச்சுக்கு விட்டேன்.

புத்தகங்கள் ஓட்டோவில் வந்து இறங்கின. வாப்பா ஒவ்வொரு பெட்டியாகத் தானே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். நான் நின்றபடியே ஒரு பிரதியைத் திறந்து அணிந்துரையை வாசித்தேன். நாலு பக்கம். முதல் இரண்டு பக்கமும் அவர் தமிழுக்குச் செய்த சேவை. மூன்றாவது பக்கத்தில் என் குடும்பம். நாலாவது பக்கத்தில் இப்படி இருந்தது: இக்கதைகளைச் செப்பனிட்டு, முடிவுகளைத் திருத்தி, இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் தனக்கும் ஒரு சிறு பங்கு உண்டாம்.

அவர் திருப்பித் தந்த கையெழுத்துப் பிரதியில் ஒரு திருத்தக் கோடுகூட இருக்கவில்லை.

உடனே போன் எடுத்தேன். “சேர், நீங்க எந்தக் கதையிர முடிவத் திருத்தினீங்க?”

அவர் சிரித்தார். “கோவிக்காதீங்க மகள். புதுசா எழுதுற பொம்புளப் புள்ள. நான் பார்த்துக் குடுத்த எண்டாத்தான் ஆக்கள் நம்பி வாங்குவாங்க. உங்கட நன்மைக்குத்தானே எழுதின.”

“அது பொய்தானே சேர்.”

சிரிப்பு நின்றது. “சனிக்கிழம விழாவுக்கு ஹோல் எடுத்துத் தந்தது ஆர் எண்டு யோசிச்சிக் கதைங்க,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

புத்தக வெளியீட்டு விழாவுக்குத் தலைவர் அவர். அழைப்பிதழ் அடித்ததும் அவருடைய வட்டம். அந்த நாலு பக்கத்தை விட்டுவைத்தால் எனக்கு மேடை இருக்கும். ஆனால் என் கதைகள் பாதி அவருடையதாகிவிடும்.

உம்மாவுக்குப் பயம். “பெரிய மனிசனப் பகைக்காதகா. நாலு வரிதானே, இருந்துட்டுப் போகட்டும்.”

வாப்பா மட்டும், “என்னதான் எழுதியிரிக்கார்? வாசி பாப்பம்,” என்றார்.

வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியைத் தாண்டினேன். மீன் விலை பேசிப் பழகிய காதுக்கு அது பிடிபட்டுவிட்டது. “எதையோ உட்டுட்டுப் போறாய்.”

வேறு வழியில்லாமல் வாசித்தேன். எழுத்து வாசனையே இல்லாத குடும்பத்தில், சேற்றில் மலர்ந்த செந்தாமரை நான் என்று எழுதியிருந்தார்.

வாப்பா என் பக்கம் திரும்பினார். “செந்தாமர நீ. அப்ப சேறு ஆரு?”

நான் புத்தகத்தை மூடினேன்.

“இந்த மனிசனுக்கு நான் எத்தின வருசமா நல்ல மீனாப் பாத்துப் பாத்துக் குடுத்திரிக்கன்,” என்றார்.

உம்மா எழும்பி உள்ளே போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு பிளேடோடு வந்தார். “வெட்டு,” என்றார்.

இழுத்துக் கிழித்தால் மற்றத் தாள்களும் கழன்றுவிடும், விளிம்பு விட்டு வெட்டுங்கள் என்று அச்சகத்துத் தம்பி போனில் சொன்னார். உம்மா பிரித்துப் பிடிக்க, நான் வெட்ட, வாப்பா அடுக்கினார். “செவுள் எடுக்காம மீனக் குடுத்தா நாறிப் போகும்,” என்று இடையில் ஒருதரம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்ட வெட்டக் கோபம் கூடிக்கொண்டே போனது. வெட்டிய தாள்களில் அல்லாஹ்வின் பெயர் இருக்கிறதா என்று உம்மா கேட்டார். கடைசி வரியில் அல்லாஹ்விடம் வேண்டும் ஒரு துஆ இருந்தது. அதனால் ஒரு தாளையும் மிதிபட விடாமல் பொறுக்கி எடுத்து, முற்றத்தில் எரித்தார். அந்த அணிந்துரைக்கு நாங்கள் காட்டிய மரியாதை அவ்வளவுதான்.

விழா நடக்கவில்லை. கதைகளைத் திருத்திக் கொடுத்தேனே, நன்றி கெட்டவள் என்று அந்த ஆசிரியர் முகநூலில் எழுதினார். இரண்டு கடைக்காரர்கள் புத்தகங்களைத் திருப்பித் தந்தார்கள். எனக்குப் படிப்பித்த ஒரு டீச்சரே, “உண்மையச் சொல்லுங்க, ஆரு திருத்தித் தந்த?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அதிகம் சுட்டது. அணிந்துரையில் எழுதிய பொய் எரிந்துபோன பிறகும் ஊரில் நடமாடிக்கொண்டிருந்தது. டியூஷன் பிள்ளைகளின் உம்மாமார் வழியாகவும் கம்பஸ் சிநேகிதிகள் வழியாகவும் ஒவ்வொன்றாக விற்றேன். இன்னும் ஒரு பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

இப்போது இரண்டாவது புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தமுறை யாரிடம் அணிந்துரை வாங்கப் போகிறாய் என்று கேட்கிறார்கள். யாரிடமும் இல்லை. அட்டையைத் திறந்தால் கதை தொடங்கும்.

நான் படித்த படிப்பின் பயன் என்ன என்று கேட்டால், அன்றைய நாளைத்தான் சொல்வேன்: என் உம்மா வாப்பாவால் வாசிக்க முடியாது என்ற தைரியத்தில் ஒருவர் எழுதியதை அவர்கள் முன்னால் உரத்து வாசித்தேன். அந்தக் கோபம் ஆறிவிடக் கூடாது என்றுதான் இன்றும் விரும்புகிறேன்.