திரைக்கு இந்தப் பக்கம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து ஒழுங்காக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுவேன். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

ரெட்டிபாளையத்தில் சிமெண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். இடுப்பு விட்டுப்போன பிறகு, அரியலூரில் ஒரு மனமகிழ் மன்றத்தில் வேலை கிடைத்தது. டயர் கடைக்கு மேலே மாடி. காலையிலிருந்து சாயங்காலம் வரை இன்னொருவரோடு கேரம் ஆட வேண்டும். அதுதான் வேலை.

"உள்ள சீட்டு நடக்கும்" என்றார் மேனேஜர். "ரம்மி திறமையான ஆட்டம், சூது இல்ல. நாம பதிவு பண்ணின சங்கம். ஆனா யாராச்சும் ஏறி வந்து பார்த்தா மன்றம் மாதிரி இருக்கணும்ல? அதுக்குத்தான் நீங்க ரெண்டு பேரும்."

உள்ளே நடந்தது ரம்மி மட்டுமில்லை. மேசையில் பணம் இருக்காது, பிளாஸ்டிக் வில்லைகள்தான் இருக்கும். கீழே ஒரு கடையில் கொடுத்தால் அவை பணமாகும். அந்த அறைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கியது. இந்தப் பக்கம் இரண்டு பேப்பர், ஒரு குதிரை தொலைந்த செஸ் போர்டு, கேரம் போர்டு, நாங்கள்.

நாங்கள் ஆடிய அந்த முன் அறையை நினைத்தால் இப்போதும் தூக்கத்தில் நடப்பது போல இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் சிமெண்டுத் தூசி படிந்திருக்கும். அதற்குள் நுழைந்து வருகிற வெயில் பால் கலந்த மாதிரி இருக்கும். கேரம் பவுடர் அந்த வெளிச்சத்தில் எழுந்து, கீழே இறங்க மனமில்லாமல் நிற்கும். கீழே லாரி போகும்போது போர்டு அதிர்ந்து காய்கள் தாமாக நகரும். அப்படி எந்தக் காயாவது குழியில் விழுந்தால் அது லாரிக்குச் சேர்ந்தது என்று எங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தோம். சில நாட்களில் லாரியே ஜெயித்துவிடும்.

எதிரே ஆடியவர் திருமழபாடிக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கொள்ளிடக் கரையிலிருந்த நிலத்தை அந்தத் திரைக்குப் பின்னால்தான் தோற்றார். அதன் பிறகு அவர் மனைவி ஒரே வார்த்தை சொல்லியிருந்தார். இன்னொரு தடவை சீட்டைத் தொட்டால், மகளைக் கூட்டிக்கொண்டு அரும்பாவூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்று. போனில்கூட சீட்டு வந்துவிடுகிறது என்று கணவரின் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். மேனேஜர்தான் பாவம் பார்த்து இந்த வேலையைக் கொடுத்தார். அண்ணன் எப்போதும் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

ஆனால் ஒரு ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார். பானை திரைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே சீட்டுக் கலைக்கிற சத்தம் புறாக்கள் எழும்புவது போலக் கேட்கும். டம்ளரை வாயில் வைத்தபடி, குடிக்காமல் நிற்பார். அதைப் பார்த்த பிறகு நான் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தேன். ஆட்டத்தையும் முடியவிடுவதில்லை.

"ஏம்ப்பா, குழி வாயில நிக்கிற காயக்கூட விடுற. கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வாயேன்."

"வெயில் அடிக்குதுண்ணே கண்ணுல."

"மூணு நாளா மேகமா இருக்குப்பா."

நான் குனிந்து பவுடரைத் தேய்ப்பேன்.

பிறகு இந்த மாதிரி மன்றங்களையெல்லாம் சோதனை போடச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு மத்தியானம் போலீஸ் ஏறி வந்தது. எங்களைப் பார்க்காமலே திரையைத் தாண்டிப் போனார்கள். நாற்காலிகள் சரிந்தன. எல்லோரையும் வரிசையாக இறக்கிய பிறகு ஒரு அதிகாரி எங்கள் பக்கம் வந்து நின்றார்.

"எவ்வளவு பந்தயம்?"

"பந்தயம் எங்கங்க சார்" என்றார் அண்ணன். "பாதிக் காய லாரி கொண்டு போயிடுது."

அவருக்குப் புரியவில்லை. போகச் சொல்லிவிட்டார். கதவுக்கு சீல் வைத்தார்கள்.

சில வாரம் கழித்து மேனேஜர் போன் செய்தார். "பெரம்பலூர்ல ஆரம்பிச்சிட்டோம். வேற பேரு, வேற பதிவு. போலீஸ் உள்ள வரக்கூடாதுன்னு கோர்ட்டுல தடையும் வாங்கியாச்சு. திருமழபாடிக்கும் ஆள் விட்டுச் சொல்லிட்டேன். இன்னிக்கு வரேன்னாரு."

உடனே அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

"காலையிலயே பெரம்பலூர் கிளம்பிட்டாங்களே. நீங்களும் கூட இருக்கீங்கன்னுல்ல சொன்னாங்க?"

"ஆமாங்க, போயிட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மேனேஜர் சொன்ன இடம், உரக்கடைக்குப் பக்கத்துப் படி. முன் அறையில் புது கேரம் போர்டு பளபளவென்று இருந்தது. ஆள் இல்லை. உள்ளே போகிற வழியில் நீலத் திரை. இத்தனை நாளில் நான் எந்தத் திரையையும் விலக்கியதில்லை. விலக்கினேன். எல்லா முகங்களும் ஒரே சமயத்தில் திரும்பின. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர் இல்லை. யார் வேண்டும் என்று கேட்டார்கள். பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன்.

எதிர்ச் சாரியில் டீக்கடை பெஞ்சில், தலையில் துண்டோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள இருக்கேனான்னு பாக்கப் போனியா?"

"ஆமாண்ணே."

"காலையிலேருந்து இங்கதான் இருக்கேன். ஏறணும்னு தோணறப்பல்லாம் ஒரு டீ சொன்னேன். அந்தப் படியவே பாத்துக்கிட்டு இருக்கவும் கடைக்காரரு என்னை மப்டி போலீஸுன்னு நினைச்சிட்டாரு. காசு வாங்க மாட்டேங்குறாரு."

கடைக்காரர் எனக்கும் ஒரு டீ ஆற்றினார். இரண்டு கையாலும் நீட்டினார்.

அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. பஸ் ஓடுகிறதா, சோளம் ஓடுகிறதா என்று தெரியாத மாதிரி இருந்தது. அவர் என் போனை வாங்கினார்.

"நான்தான். வேலைக்குச் சேரல. மேல ஏறவே இல்ல... ஆமா, பக்கத்துலதான் இருக்கான்." வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனை என்னிடம் கொடுத்தார்.

"உலை வைக்கிறாளாம். உனக்கும் சேர்த்துப் போடவான்னு கேக்குறா. நீயே சொல்லு."

"போடுங்க" என்றேன்.

எழுதியது: கார்த்திகை மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.