ரெங்கசாமி தானம் கொடுத்த கார்

தனக்குச் சொந்தமாக ஒரு கார் இருக்கிறது என்பது ரெங்கசாமிக்கு இருபத்தாறு வருடங்களாகத் தெரியாது. தெரிந்த அன்றே அது கைவிட்டுப் போனது. செல்வத்தின் நிலையாமைக்கு இதைவிட உருக்கமான கதை இலங்கையின் இந்த ஊவா மலைகளில் எங்கும் கிடையாது.

தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்தைத் தாண்டினால் வெர்னன் துரையின் பங்களா. வெர்னன் துரை வெள்ளைக்காரர் அல்ல. வெள்ளைக்காரர்கள் எழுந்து போன நாற்காலி சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்தவர்களின் பிள்ளை. தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரையாக, அதாவது நிர்வாகியாக இருந்து ஓய்வு பெற்றபோது அந்தப் பங்களாவைத் தனக்கென்று வாங்கிக்கொண்டார். அவரிடம் இங்கிலாந்தில் 1952இல் செய்த எம்.ஜி. கார் ஒன்றும் இருந்தது. கரும்பச்சை நிறம், மடக்கும் கூரை, இரண்டே இருக்கை. தன்னையும் தன் தொப்பியையும் தவிர வேறு யாரையும் நேசிக்காத ஒருவருக்கு அது தாராளமாகப் போதும்.

அந்தக் காரைத் துடைப்பதற்காகவே ரெங்கசாமி பிறந்தார் என்று துரை நம்பினார். ரெங்கசாமியும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பினார். காலையில் தேத்தண்ணி குடிப்பதற்கு முன் காரைத் துடைப்பார். ஆயுத பூசையன்று முன்பக்கம் சந்தனம் வைப்பார். துரை திட்டி அழிக்கச் சொன்னால் அழித்துவிட்டு, என்ஜின் மூடிக்கு உள்பக்கம் ஒரு பொட்டு வைத்துவிடுவார். காரின் பெட்ரோல் பம்பு அடிக்கடி முரண்டு பிடிக்கும். இராக்கம்மாவின் அகப்பைக் காம்பால் மூன்று தட்டுத் தட்டினால்தான் மனம் இறங்கும். இராக்கம்மா அவருடைய மனைவி. தன்னைவிட அந்தக் கார்தான் நன்றாகக் கவனிக்கப்படுகிறது என்று அவள் முப்பது வருடங்களாகச் சொல்லி வந்தாள். அது உண்மைதான்.

கராஜை ஒட்டிய ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. இந்த வேலைக்கு வந்தபோது விட்டுவந்த லயத்துக் காம்பிராவில், தோட்டத்து வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையில், வேறு குடும்பம் குடியேறி, அவர்களுக்குப் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். லுணுகலையில் கட்டிக்கொடுத்த மகள் மாமியார், கொழுந்தன், நான்கு பிள்ளைகளோடு ஒரே காம்பிராவில் இருக்கிறாள். துரையின் அறையை விட்டால் இருவருக்கும் போக்கிடம் இல்லை. அதனால்தான், வீடில்லாத தோட்டத்து மக்களுக்கு வீடு கட்டித் தரும் 'நிழல் நிதியம்' என்ற தர்ம ஸ்தாபனத்துக்கு ரெங்கசாமி எழுதிப்போட்டார். பதில் வந்தது: நிராகரிக்கப்பட்டது.

இருவரும் பஸ் ஏறி பதுளையிலுள்ள நிதியத்தின் அலுவலகத்துக்குப் போனார்கள். செயலாளர் யசோதினி, நல்ல பெண், கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"ஐயா, உங்க பேர்ல மோட்டார் கார் இருக்கு. கார் உள்ளவங்களுக்கு வீடு குடுக்கிறதில்ல."

"எங்கிட்டயாங்க? சைக்கிள்கூட இல்லீங்களே!"

"பதிவுல இருக்குங்களே."

இராக்கம்மா மேசையில் கை ஊன்றினாள். "ஏம்மா, அந்தப் பொட்டிகிட்டயே கேளு, காரை எங்க நிப்பாட்டி வச்சிருக்கோம்னு. பஸ்ஸுக்கு நின்னு நின்னு காலு கடுக்குது. அதுலயே போயிர்றோம்."

பெட்டிக்கு அது தெரியவில்லை. அதே பெயரில் வேறு யாரோ பணக்கார ரெங்கசாமி இருக்கிறார் என்று முடிவு செய்து, அந்த முகம் தெரியாத மனிதரை வழி நெடுக வைதுகொண்டே இருவரும் வீடு திரும்பினார்கள்.

அடுத்த மாதம் வெர்னன் துரை ரெங்கசாமியைக் கூப்பிட்டார். துரையின் தமிழ், காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் கட்டளையிட்டுப் பழகிய தமிழ். வயதானாலும் விறைப்பு குறையவில்லை.

"ரெங்கசாமி, நான் கார் தர்மத்துக்குக் குடுக்கிறது. நிழல் நிதியம். அவன் கார் வித்து, வீடு இல்லாத தோட்டத்து ஆளுக்கு வீடு கட்டுறது. நல்ல வேலைதானே?"

"ரொம்ப நல்ல வேலைங்க தொரே."

"கராஜ் காலி ஆகுது. மருமகன் டூரிஸ்ட்டுக்குக் காப்பிக் கடை போடுறது. மாசக் கடைசி நீ ரூம் காலி பண்ணு."

"நாங்க எங்கிட்டுங்க தொரே போறது?"

துரை சிறிது நேரம் இரக்கத்தோடு யோசித்தார். "அந்த நிதியத்துக்கே எழுதிப் போடு. என் கார்லதானே வீடு கட்டுறான்."

வீடற்றவர்களுக்கு வீடு கட்டுவதற்காக ஒருவரின் வீட்டைப் பிடுங்கும் இந்தக் கருணையைக் கேட்டு இராக்கம்மா அழவில்லை. அரிசியைக் கொஞ்சம் பலமாகப் புடைத்தாள், அவ்வளவுதான்.

கையளிப்பு விழாவுக்குப் பங்களாப் புல்வெளியில் பந்தல் போட்டார்கள். காருக்குச் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். யசோதினி வந்தாள். ஒரு பத்திரிகை நிருபர் வந்தார். காரை ஏலத்துக்குக் கொண்டுபோக பதுளையில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் ஸனூஸ் முதலாளி வந்தார். துரை தலைமுறை, பாரம்பரியம், தியாகம் என்று பேசினார். பிறகு, அலமாரியில் வருடக்கணக்காக உறையோடு கிடந்த பதிவுப் புத்தகத்தை எடுத்து ஸனூஸிடம் நீட்டினார். ஸனூஸ் பிரித்துப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தொரை, இதுல ஒங்கட பேர் இல்லையே. அருணாசலம் ரெங்கசாமின்னு கெடக்கு. ஆரு அது?"

அந்த அருணாசலம் ரெங்கசாமி அப்போது அகப்பையும் கையுமாக என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார்.

விஷயம் இதுதான். இருபத்தாறு வருடங்களுக்கு முன் துரையின் மனைவி துரைசாணி பிரிந்து போனார். அவருடைய வக்கீல் பங்களாவிலுள்ள கரண்டி வரை கணக்கெடுத்தார். காரை மட்டும் இழக்க மனமில்லாத துரை, ஒருநாள் ரெங்கசாமியைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டி, "சைன் போடு" என்றார். காரை நன்றாகத் துடைப்பேன் என்று எழுதியிருக்கும் என நினைத்து ரெங்கசாமி போட்டார். வழக்கு முடிந்தது. துரை அந்தக் காகிதத்தை மறந்தே போனார். வேலைக்காரன் பெயரில் உள்ளதெல்லாம் தன்னுடையது என்று நினைப்பவருக்கு அப்படி ஒரு மறதி வரும்.

"சார், அப்ப கார் யாருடையது?" என்று நிருபர் பேனாவைத் திறந்தார்.

துரையின் முகத்தில் ஒரு முழு வாழ்க்கை வந்து போனது. துரைசாணி கொழும்பில் நலமாக இருந்தார். வக்கீலும் நலமாக இருந்தார். தன்னுடையது என்று ஒரு சொல் சொன்னால், அன்றைக்குக் கோர்ட்டில் மறைத்தது இன்றைக்குப் பேப்பரில் வரும். துரை ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கார் ரெங்கசாமி சொந்தம். எப்பவும் அவன்... அவர் கார்தான். பாவம், அவருக்குக் கார் வைக்க இடம் இல்லை. அதுக்குத்தான் நான் கராஜ், ரூம், எல்லாம் அவருக்கே குடுத்திட்டேன். இன்னிக்கு தானம் குடுக்கிறது ரெங்கசாமி!"

பந்தல் கைதட்டியது. யாரோ பேனாவை ரெங்கசாமியின் கையில் திணித்தார்கள். இராக்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் காதருகே சொன்னாள்:

"போடாதீங்க. நம்ம காருன்னு தொரையே சொல்றாருல்ல."

"இந்தக் காருதான் புள்ள நம்ம வீட்ட மறிச்சுக்கிட்டு நிக்குது." ரெங்கசாமி யசோதினியைப் பார்த்தார். "அம்மா, இதக் குடுத்துட்டா எம்பேர்ல காரு இல்லதானுங்களே?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப வீடு?"

"கார் இல்லைன்னா அந்தத் தடை இல்லைங்க."

ரெங்கசாமி எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். கழுத்தில் மாலை விழுந்தது. பலர் கண்கலங்கினார்கள். துரைக்கும் கண்ணீர் வந்தது. அது மட்டும் உண்மையான துக்கம்.

ஸனூஸ் காரில் ஏறிச் சாவியைத் திருகினார். கார் அசையவில்லை. ரெங்கசாமி மாலையோடு குனிந்து மூன்று தட்டுத் தட்டியதும் உறுமியது.

"அண்ணே, அந்த அகப்பையையும் சேத்துத் தாங்களே."

"அது எம்பேர்ல இருக்கு மொதலாளி," என்று பிடுங்கிக்கொண்டாள் இராக்கம்மா.

அடுத்த வாரம் ரெங்கசாமி துவைத்த சட்டையோடு நிதியத்துக்குப் போனார். யசோதினி எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். பின்னால் யாராவது பெரிய மனிதர் வருகிறாரா என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, மன்னிக்கணும். நன்கொடை தந்தவங்க எங்ககிட்ட வீடு வாங்க முடியாது. பதினோராவது விதி. முறைகேடு நடந்துடக் கூடாதுன்னு போட்டிருக்காங்க. இந்த வருஷம் எங்க பெரிய கொடையாளியே நீங்கதான்."

"அன்னிக்கு இதச் சொல்லலீங்களே."

"அன்னிக்கு நீங்க கொடையாளியா இல்லைங்களே."

'கொடைவள்ளல் அ. ரெங்கசாமி' என்று பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவர், வீடு வந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இராக்கம்மா தகட்டைப் பார்க்கவில்லை. விழாச் செய்தி வந்த பேப்பரை விரித்து, எழுத்துக் கூட்டி, மூன்றாம் முறையாகக் கடைசிப் பத்தியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் துரையின் மருமகன் இரண்டு ஆசாரிகளோடும் அளவு நாடாவோடும் வந்தார். கராஜில் கார் நின்ற இடத்தில் கட்டில் கிடந்தது. அடுப்பு எரிந்தது. கதவில் பேப்பர் துண்டு ஒட்டியிருந்தது.

"என்ன இது? இன்னும் போகலையா?"

"தொரை எங்களுக்கே குடுத்துட்டாருங்களே. அச்சுல இருக்கு, படிங்க," என்றாள் இராக்கம்மா.

"அது சும்மா மேடையில சொன்னது!"

"அப்புடியா? அப்ப காரும் சும்மா சொன்னதுதானுங்களா? அந்தப் பேப்பர்காரத் தம்பியக் கூப்பிட்டுச் சொல்லிருவோம். தொரசாணியம்மாவும் தீவாளிக்குச் சேல அனுப்பிட்டுப் போன் பண்ணுவாங்க. அவங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டாப் போச்சு."

மருமகன் மாமனாரைப் போனில் அழைத்தார். இராக்கம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தார். பிறகு துரையின் குரல் வெளியே வரை கேட்டது: "டேப் சுருட்டிக்கிட்டு வா."

காப்பிக் கடை இப்போது பழைய கோழிக்கூட்டில் நடக்கிறது. கராஜில் இரண்டு பேர் தாராளமாகக் குடியிருக்கிறார்கள். தரையிலுள்ள எண்ணெய்க் கறை மட்டும் எத்தனை தேய்த்தும் போகவில்லை. ரெங்கசாமிக்கு விடிந்ததும் துடைக்க ஏதாவது வேண்டும். பழைய துணியை எடுத்துக்கொண்டு பித்தளைத் தகட்டைத் துடைக்கிறார்.

"ரொம்ப மினுக்காதீங்க," என்கிறாள் இராக்கம்மா, அகப்பையால் குழம்பைக் கிளறியபடி. "அதையும் யாராச்சும் தானம் கேட்டு வந்துறப் போறாங்க."