அண்ணி வீட்டில் கை நனைத்தவர்கள்

இந்த நினைவு மலருக்கு முதல் கட்டுரை எழுத வேண்டியவர் என் அண்ணன். கேட்டதற்கு, "நீயே எழுதுடா. நான் எழுதுனா ரெண்டு வரியில முடிஞ்சிரும், மீதிப் பக்கம் சும்மா கெடக்கும்" என்றார். அண்ணி மறைந்து ஓராண்டு நிறைகிற நாளில் பக்கம் சும்மா கிடக்க வேண்டாம் என்று நான் உட்கார்ந்திருக்கிறேன். எதையும் உருப்படியாகச் செய்து முடிக்காதவன் என்று உறவினர் அனைவராலும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் நான். நன்றாக வாழ்ந்த ஒருவரைப் பற்றி எழுத இதில் ஒரு வசதி உண்டு. எதிர்ப்பக்கத்தில் நின்று நிறைய நேரம் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அண்ணி பிறந்தது எங்கள் மலையின் வாழவந்தி நாட்டில், எங்கள் ஊருக்கு இரண்டு மேடு தாண்டி, பள்ளத்தில் இருக்கும் ஒரு சிற்றூரில். அன்று அங்கே ரோடு கிடையாது. தகப்பனார் சீக்கிரமே காலமாகிவிட்டார். தாயார், அதாவது நான் அத்தை என்று அழைப்பவர், சாமையும் குச்சிக்கிழங்கும் போட்டு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தார். எட்டாம் வகுப்பு வரை அண்ணி மேடேறிப் போய்ப் படித்தார். மேலே படிக்க ஆசை இருந்தது. காட்டு வேலைக்கு ஆள் இல்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த கதை பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். முழுசாக இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதில் கதாநாயகன் நான்.

பெண் பார்க்கப் போகிற வீட்டில், சம்பந்தம் பிடித்தால்தான் சாப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். பிடிக்காவிட்டால் தண்ணீர் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட வேண்டும். அண்ணனுக்கு செம்மேட்டில் கடையும் ஜீப்பும் வைத்திருந்த குடும்பத்தில் பெண் எடுக்க அப்பா மனசுக்குள் முடிவு செய்திருந்தார். அண்ணியின் ஊருக்குப் போனது, சொல்லிவிட்ட உறவினர் மனம் கோணக்கூடாது என்பதற்காக மட்டும். போனோம், பார்த்தோம். "செரிங்க, யோசிச்சுச் சொல்லி அனுப்பறோம்" என்று அப்பா துண்டை உதறினார்.

அந்த நேரம் நான் வீட்டின் பின்பக்கம் இருந்தேன். இருபது வயது. காலையில் நடக்க ஆரம்பித்த பசி. அடுப்படியிலிருந்து மொச்சைக் குழம்பு வாசம். "அத்தை, கொஞ்சம் போடுங்க" என்று நானே கேட்டேன். அவர் திகைத்து, "தம்பி, பெரியவங்க உக்காந்தாங்களா?" என்றார். "உக்காந்துட்டுத்தான் இருக்காங்க" என்றேன். உண்மைதான், கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, மறு சோறும் வாங்கிக்கொண்டேன். துண்டில் கை துடைத்தபடி முன்பக்கம் வந்தால், அண்ணியின் தாய்மாமன் என் கையைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"சின்னவரு கை நனைச்சுட்டாருங்க."

அண்ணன் எழுந்து போய், பானையில் தண்ணீர் மொண்டு கை கழுவிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து அவர் வாழ்க்கையில் சொந்தமாகச் செய்த ஒரே அவசரக் காரியம் அதுதான். பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அப்பா வழக்கத்தை மீறாத மனிதர். "எம்பையனுவ நனைச்சுட்டானுவ. பேச்சு பேச்சுதான்" என்றார். வெளியே வந்ததும் இன்னொன்றும் சொன்னார். "சோத்தைக் காட்டிச் சம்பந்தம் புடிச்சுட்டா அந்தம்மா." அத்தை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்துவிட்டது.

நானே கேட்டு வாங்கித் தின்றேன் என்று அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். நம்பவில்லை. சுயமாக யோசித்து ஒரு காரியம் செய்யக்கூடியவன் என்று என்னை அவர் எந்தக் காலத்திலும் நினைத்ததில்லை.

கல்யாணம் நடந்தது. அப்பா அந்த வீட்டுப் பக்கம் சாப்பிடப் போகவில்லை. அத்தையும் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. மகளைப் பார்க்க வருவார், தூக்குப்போசியில் சோறு கொண்டுவருவார், பின்பக்கம் உட்கார்ந்து அதைத் தின்றுவிட்டுப் போவார். "சம்பந்தி எங்கூட்டுல ஒரு வாய் திங்கட்டும். அன்னிக்கு நானும் திங்கறேன்" என்பதுதான் அவர் பேச்சு.

அம்மா இல்லாத வீடு எங்களுடையது. மூன்று ஆண்கள் சேர்ந்து கரியாக்கி வைத்திருந்த அடுப்பை அண்ணி கையில் எடுத்தார். அப்புறம் காட்டை எடுத்தார். சவுக்கு மரங்களில் மிளகுக் கொடி ஏற்றினார். கொடி பிடிக்காது என்று நான் சொன்னேன்; நான் சொன்னதாலேயே தைரியமாக நட்டதாகப் பின்னாளில் சொன்னார். பெண்களைச் சேர்த்துக் குழு அமைத்து, சாமையும் தினையும் தீட்டி விற்கிற மில் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு பிள்ளைகளையும் கீழே விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். கிழங்கு லாரி டிரைவர், கரண்டு கம்பி பார்க்க வருகிறவர், மாட்டு டாக்டர், வழி தவறி வந்த டூரிஸ்ட்டு, யாராக இருந்தாலும் எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனதில்லை.

நான் அன்னாசிப்பழ ஜாம் போட்டு அது பொங்கி வெடித்தபோதும், ஜீப் வாங்கி அது மலையடிவாரக் காரவள்ளிக்கு இறங்கியதே தவிர ஏறாதபோதும், ஊர் சிரித்தது. அண்ணியும் சிரித்தார். சிரித்துவிட்டு, "ஏனுங்க தம்பி, கவலப்படாதீங்க. தின்னே ஒரு குடும்பத்தை உண்டாக்குன ஆளுங்க நீங்க. அதுக்கு மேல எதுக்குச் சாதிக்கோணும்?" என்று தட்டை வைப்பார்.

செம்மேட்டில் ஒரு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக் பிடித்தவர், "உங்க வெற்றிக்கு என்னங்க காரணம்?" என்று கேட்டார். அண்ணி கொஞ்சம் யோசித்து, "வெற்றிங்களா? அது இன்னும் எங்கூட்டுக்கு வரலீங்க" என்றார். அடக்கமாகப் பேசுகிறார் என்று எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த அப்பா தட்டவில்லை. ஊரே தின்றுவிட்டுப் போகிற வீட்டில் பெற்ற தாய் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும்.

அண்ணி சண்டை போட்டுப் பார்த்ததில்லை. பொங்கலுக்குப் பொங்கல், "மாமா, அம்மா ஊட்டுக்குப் போய்ட்டு வாரனுங்க. நீங்களும் வாரீங்களா?" என்று கேட்பார். "முட்டி வலி கண்ணு. அந்தப் பள்ளம் எறங்க முடியாது" என்பார் அப்பா. அப்புறம் அந்த ஊருக்கு ரோடு வந்துவிட்டது. முட்டி வலி செல்லாமல் போய், வண்டியில் ஏறினால் தலை சுற்றுகிற வியாதி வந்தது. அதே அப்பா திருச்செங்கோட்டுக்கு பஸ்ஸில் போய் வருவார். அடுத்த பொங்கலுக்கு அண்ணி மறுபடி கேட்பார்.

பிறகு நோய் வந்தது. சேலத்தில் ஆஸ்பத்திரி, ஊசி, மருந்து. ஒரு கட்டத்தில் வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். மகளைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்தார். தங்கி, குளிப்பாட்டி, துணி துவைத்து எல்லாம் செய்தார். தினமும் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்த் தனக்கு மட்டும் சோறு ஆக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். அந்த வயதில். அண்ணி கட்டிலில் படுத்தபடி அந்தத் தூக்குப்போசியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு மதியம் அத்தை பின்பக்கம் உட்கார்ந்து மூடியைத் திறந்தபோது, அப்பா போய் எதிரில் தரையில் உட்கார்ந்தார். முட்டி வலிக்காரர், ஒரு கையை ஊன்றித்தான் உட்கார முடிந்தது.

"ஏனுங்கம்மா, அதுல எனக்கு ஒரு கை போடுங்க."

அத்தை தூக்குப்போசியிலிருந்து கையை எடுக்கவில்லை. "இது உங்க ஊடுங்க."

"சோறு உங்கூட்டுச் சோறுதான? நானே கேட்டு வாங்கித் திங்கறேன். ஆரும் எனக்குக் காட்டலே. அன்னிக்கு எம்பையனுக்கும் ஆரும் காட்டியிருக்க மாட்டாங்க. கேட்டுத் திங்கற புத்தி எங்க வமுசத்துல வருது."

அத்தை தலைகுனிந்தபடி ஒரு கை அள்ளினார். அப்போது உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் தெளிவாக இருந்தது.

"மாமா, அது செல்லாதுங்க. எங்கம்மா ஊட்டுக்கே போய்த் தின்னோணும்."

அப்பா என்னைப் பார்த்தார். "என்றா, செல்லாதா?" சாப்பாட்டு விஷயத்தில் என்னிடம் ஒருவர் தீர்ப்புக் கேட்டது அதுவே முதல் முறை. "செல்லாதுங்கப்பா" என்றேன்.

மறுநாளே போனோம். அண்ணி தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அண்ணன் மடியில் சாய்த்துக்கொள்ள, வண்டியை நான் ஓட்டினேன். நான் ஓட்டுகிற வண்டிக்கே தப்பித்துவிட்டால் நோய் எம்மாத்திரம் என்று அண்ணி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அத்தை சாமைச் சோறு போட்டார். அப்பா சாப்பிட்டார், மறு சோறும் கேட்டார். அண்ணி சுவரில் சாய்ந்து, ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் அத்தைக்கு இலை போட்டோம். பரிமாறுவது தான்தான் என்று அண்ணி சொல்லிவிட்டார். நிற்க முடியாது. அண்ணன் பிடித்துக்கொள்ள, உட்கார்ந்தபடியே சோறு வைத்தார். அத்தை முதல் வாய் எடுத்து வைத்ததும் அழுதுவிட்டார். அண்ணி அழவில்லை. என் பக்கம் திரும்பி, "தம்பி, அன்னிக்கு மைக்குல கேட்டாரே, அவர இப்ப வந்து கேக்கச் சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணி அதிக நாள் இருக்கவில்லை. வலி இருந்தது, குறை இருக்கவில்லை. பெற்ற தாயின் கையில் தலை வைத்தபடி போனார்.

நோய்க்காலத்தில் ராத்திரி பகல் பாராமல் வண்டி ஓட்டிய ஊர்ப் பிள்ளைகளுக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், மில்லைப் பூட்டாமல் நடத்திய குழுப் பெண்களுக்கும், மிளகு பறிக்கக் கூலி வாங்காமல் வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன், அப்புறம் அந்தப் பொல்லாப்பும் என் தலையில்தான் விழும்.

இந்த மலரை வாங்கிக்கொண்டு யாரும் அப்படியே கிளம்பிவிடக் கூடாது. மதியச் சாப்பாடு தயாராகிறது. சமைப்பது அத்தை. மகள் நட்ட மிளகைப் பறிக்க என்று வந்தவர், பறித்து முடித்தும் ஊருக்குப் போகவில்லை. இப்போது அடுப்படி அவர் கையில் இருக்கிறது. குழம்பில் உப்புக் குறைகிறது என்று சொல்ல அப்பா காலையிலிருந்து இரண்டு தடவை உள்ளே போனார். இரண்டு தடவையும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டார்.