சனி ஞாயிறில் ஒரு பாலைவனம்

பாலைவனத்துக்குப் போவது என்று நான் முடிவெடுத்தபோது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ராஜஸ்தானில் பாலைவன தேசியப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது, அங்கே மணல்மேடுகளுக்கு நடுவே பெரிய பெரிய பறவைகள் நடமாடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்துக் கிடந்த நேரம் அது. வருஷத்தில் அப்போது மட்டும்தான் எங்கள் ஊரான திருத்தங்கலில், பட்டாசு வேலைக்குப் போகிற அம்மாவையும் அப்பாவையும் பகலில் வீட்டில் பார்க்கலாம். சனிக்கிழமை காலையில் கிளம்பி, ஒட்டகத்தில் ஒரு சுற்று வந்து, ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் பழுதில்லை. என் திட்டம் அப்படி.

அப்பா சிரித்த சிரிப்பில் குடித்த காபி மூக்கில் ஏறிவிட்டது. "ஏ தாயி, அங்கன போய்ச் சேரவே ரயில்ல மூணு நாளாகும். நாம திருச்செந்தூர் போயி முருகனக் கும்பிட்டுட்டு வருவோம்."

நான் சோற்றுத்தட்டைத் தள்ளிவைத்தேன். இரண்டு வேளை தாக்குப்பிடித்தேன். மூன்றாவது வேளைக்குள் யாராவது வந்து காப்பாற்ற வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்தார். பட்டாசு லோடு வேன் ஓட்டுகிறவர். பல ஊர் பார்த்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பாலைவனத்துக்கு எதுக்கு ராஜஸ்தான்? திருச்செந்தூருக்குப் பக்கத்துலயே தேரிக்காடு கிடக்கே" என்று செல்போனை நீட்டினார். படத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் செக்கச்செவேலென்று மணல். ஒட்டகம் இல்லை, பறவை இல்லை. ஆனால் மணல் அசல் பாலைவன மணல்தான். நான் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டேன், சோறும் சாப்பிட்டேன்.

அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. கோயில் என்றால் சரி, அதற்குமேல் கால் சுட மணலில் அலைய அவர் தயாராக இல்லை. "ஏலே, மண்ணப் பாக்க எவனாச்சும் வண்டி எடுத்துட்டுப் போவானா?"

சித்தப்பா செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் பாலைவனம் முடிந்தது என்றே நினைத்தேன். அப்போதுதான் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா பேசினாள். எங்கே போகலாம் என்று அவளை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவளாகச் சொன்னதும் இல்லை.

"சனிக்கிழம விடிய நானும் பிள்ளையும் போறோம். வாரவுக வாங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு அங்கன என்ன இருக்கு?"

"பாக்கணும் போல இருக்கு."

அவ்வளவுதான். சனிக்கிழமை வேனில் முதலில் ஏறி உட்கார்ந்தவர் அப்பா.

முருகனை அவசரமாகக் கும்பிட்டுவிட்டு, வெயில் தாழத் தேரிக்குப் போனோம். வண்டி நின்றதும் குதித்து ஓடினேன். கால் புதைந்து நான் தடுமாற, என்னைத் தாண்டி யாரோ ஓடுவது தெரிந்தது. அம்மா! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினாள், சறுக்கினாள், கையை ஊன்றி மறுபடி ஏறினாள். உச்சியில் நின்று தொண்டை கிழிய ஒரு சத்தம் போட்டாள். "மதினி, பைய!" என்று சித்தப்பா கீழேயிருந்து கத்தியது அவள் காதில் விழவே இல்லை.

நான் தவழ்ந்து போய்ச் சேர்ந்தேன். இருவருமாக அப்பாவைக் கூவிக் கூவி அழைத்தோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்தவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ சொன்னது சரிதான். இது பாலைவனந்தான்." சித்தப்பா பின்னாலிருந்து கை தட்டினார். எனக்கு உலகத்தையே ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது.

அம்மா உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி மடியில் கொட்டிக்கொண்டாள். "எம்புட்டு மண்ணு!" என்றாள். "எங்க கம்பெனியில ரூமுக்கு ரெண்டு வாளிதான் தொங்குது."

தீப்பிடித்தால் அணைக்க வாசலில் தொங்கவிட்டிருக்கும் மணல் வாளிகளைச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். இத்தனை பெரிய பாலைவனத்துக்கு வந்தும் கம்பெனி நினைப்புதானா என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சித்தப்பாவும் ஏன் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.