பனங்களியில் தோய்த்த கூறைச்சேலை

யுத்தத்தால் மன்னாரில் சவர்க்காரமே கிடைக்காத காலம். மறுநாள் மாதா கோயிலில் என் கல்யாணம்; வெள்ளைக் கூறைச்சேலையிலோ தோணிக்குப் பூசும் சுறா எண்ணெய் கொட்டிவிட்டது. அழுதுகொண்டிருந்த என்னிடம் அதை வாங்கி, சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழம் பிசைந்த களியைப் போட்டுத் தோய்த்துக் கறையைப் போக்கினார் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா. ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். கொடியில் போட்டதும் பழவாசனைக்குக் கழுதைகள் வந்துவிட்டன. விட்டால் சேலையையே மென்றுவிடும்.

“பாவசங்கீர்த்தனத்துக்கு நேரமாச்சு, நீ கோயிலுக்குப் போ பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றார்.

திரும்பி வந்தபோது, நோன்பு பிடித்திருந்த அந்த மனுஷி உச்சி வெயிலில் விளக்குமாற்றுடன் கழுதைகளை விரட்டிக்கொண்டு நின்றார்.

“நிழலில இருந்திருக்கலாமே, ராத்தா?”

“இருந்தா கண் அசந்திடும். பிறகு நாளைக்கு நீ எதை உடுப்பாய்?”

அன்று குருவானவரிடம் சொன்ன பாவங்கள் எனக்கு மறந்துபோயின. வெயிலில் வெடித்திருந்த அந்த உதடுகள் மறக்கவில்லை.